நாலாயிரம் மைல் தள்ளி ஒரு சொந்த மைதானம்

1889 ஜனவரியில் கொழும்பில் ஒரு பேஸ்பால் ஆட்டம் நடந்தது. ஆல்பர்ட் ஸ்பால்டிங் என்ற விளையாட்டுச் சாமான் வியாபாரி சிகாகோ அணியையும் இன்னொரு கலப்பு அணியையும் கப்பலேற்றிக்கொண்டு உலகம் சுற்றக் கிளம்பியிருந்தார். ஆஸ்திரேலியா முடிந்து எகிப்துக்குப் போகிற வழியில் இலங்கை. அடுத்த மாதம் பிரமிடுகளின் அடிவாரத்தில் ஆடினார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் பார்த்தார்கள், கப்பல் போய்விட்டது, பேஸ்பாலும் அதோடு போய்விட்டது. கொழும்பு கிரிக்கெட்டோடுதான் இருந்தது, இருக்கிறது.

அமெரிக்கர்கள் தங்கள் விளையாட்டை வெளிநாட்டுக்குக் கொண்டுபோன வரலாற்றில் இந்த மாதிரிக் கதைகள் நிறைய. நான் இங்கே சொல்ல வருவது பேஸ்பால் கதை இல்லை. அவர்கள் ஃபுட்பால் என்று சொல்கிற, பெரும்பாலும் கையிலேயே பந்தை வைத்துக்கொண்டு ஓடுகிற அந்த ஆட்டத்தின் கதை. தலைக்கவசம், தோள் கவசம், நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறணும், முன்னேறாவிட்டால் பந்து எதிராளிக்கு. இவ்வளவு தெரிந்தால் இந்தக் கட்டுரைக்குப் போதும். இந்த ஆட்டத்தை உலகத்துக்கு விற்க அமெரிக்கர்கள் ஒரு தலைமுறைக் காலம் தடுமாறினார்கள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்த வழிக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பது யார் என்பதுதான் என்னைக் குடைகிற விஷயம்.

முதலில் போனவர்கள் வியாபாரிகள் அல்ல, சிப்பாய்கள். 1944 பிப்ரவரியில், நார்மண்டிப் படையெடுப்புக்கு நாலு மாதம் முன்பு, லண்டன் ஒயிட் சிட்டி மைதானத்தில் அமெரிக்கப் படையும் கனடாப் படையும் மோதின. டீ பௌல் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கனடா ஜெயித்தது. அடுத்த மாதமே நடந்த பதிலடி ஆட்டத்துக்குக் காஃபி பௌல் என்று பெயர். அதில் அமெரிக்கா ஜெயித்தது. போர் முடிந்தும் ஜெர்மனியில் அமெரிக்கத் தளங்கள் இருந்தன. தளத்துக்குள் மைதானம் இருந்தது, படையின் சொந்த வானொலியும் தொலைக்காட்சியும் இருந்தன. 1977ல் ஃபிராங்ஃபர்ட்டில் ஜெர்மனியின் முதல் அணி ஃபிராங்ஃபுர்ட்டர் லோவன் உருவானது தற்செயல் இல்லை. 1979ல் அங்கே லீக்கே வந்துவிட்டது. நியூயார்க்கில் உட்கார்ந்திருந்த யாரும் இதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை.

இங்கிலாந்தில் நடந்தது வேறு. 1982 நவம்பரில் சேனல் 4 என்ற புதுத் தொலைக்காட்சி ஆரம்பித்தது. பழைய சேனல்கள் கையில் இருந்த விளையாட்டுகளை இவர்களால் வாங்க முடியவில்லை. மலிவாகக் கிடைத்த என்.எஃப்.எல். ஆட்டங்களைச் சுருக்கி, ஞாயிறு மாலைகளில் போட்டார்கள். அந்த நேரத்தில் இங்கிலீஷ் கால்பந்து இருந்த நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1985 மே மாதம் பிராட்ஃபோர்டில் மைதானம் தீப்பிடித்து 56 பேர் செத்தார்கள். அதே மாதம் பிரஸ்ஸல்ஸ் ஹெய்சல் மைதானத்தில் 39 பேர். இங்கிலீஷ் கிளப்புகளை ஐரோப்பாவே தள்ளி வைத்தது. போதாததற்கு, ஒளிபரப்பு உரிமைப் பணத்தில் தகராறு வந்து, அந்த ஆகஸ்டிலிருந்து வருஷக் கடைசி வரை லீக் கால்பந்து டி.வி.யிலேயே வரவில்லை. அந்தக் காலி இடத்தில் வந்து உட்கார்ந்தது சிகாகோ பேர்ஸ் அணி. 1986 ஜனவரியில் அவர்கள் சூப்பர் பௌல் ஜெயித்தபோது, அந்த அணியின் வில்லியம் பெர்ரியை, ஃபிரிட்ஜ் என்று செல்லப்பெயர் கொண்ட அந்த மலை போன்ற மனிதரை, லண்டன் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. ஆகஸ்டில் அதே பேர்ஸ் வெம்ப்ளிக்கு வந்து டல்லஸ் கவ்பாய்ஸுடன் ஆடியபோது 82,699 பேர். மூணு வருஷம் முன்பு இதே வெம்ப்ளியில் வேறு இரண்டு அணிகள் ஆடியபோது அதில் பாதிகூட இல்லை.

ஆனால் இது காட்சி ஆட்டம். லீக் தொடங்குவதற்கு முன்னால் கோடையில் ஆடுகிற பயிற்சி ஆட்டம். ஜெயித்தாலும் தோற்றாலும் புள்ளிப் பட்டியலில் ஒன்றும் ஏறாது. நட்சத்திரங்கள் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிடுவார்கள். அமெரிக்கன் பௌல் என்ற பெயரில் இதை டோக்கியோ, பெர்லின், பார்சிலோனா என்று கொண்டுபோனார்கள். பெர்லினில் ஆடியது 1990 ஆகஸ்டில், சுவர் விழுந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1994ல் மெக்ஸிகோ சிட்டி அஸ்டெகா மைதானத்தில் 1,12,376 பேர் வந்தார்கள். மெக்ஸிகோவைச் சேர்த்துச் சொல்வது சரியில்லைதான். அங்கே பல்கலைக்கழக அணிகள் பல தலைமுறையாக இந்த ஆட்டத்தை ஆடி வருகின்றன. அவர்களுக்கு இது இறக்குமதியே இல்லை.

இந்தக் கூட்டங்களைப் பார்த்து லீக் முதலாளிகள் ஒரு கணக்குப் போட்டார்கள். ஐரோப்பாவிலேயே அணிகளை ஆரம்பித்துவிட்டால்? 1991ல் வேர்ல்ட் லீக் பிறந்தது. பத்து அணிகள், அதில் மூன்று ஐரோப்பாவில். லண்டன் மோனார்க்ஸ் முதல் வருஷமே கோப்பை வாங்கியது, அதுவும் வெம்ப்ளியில், அறுபதாயிரம் பேர் முன்னிலையில். அடுத்த வருஷமே வேகம் குறைந்தது. இரண்டு பருவத்தோடு நிறுத்தி, 1995ல் ஆறு ஐரோப்பிய அணிகளோடு திரும்ப ஆரம்பித்தார்கள். லண்டன் அணி 1998ல் செத்தது. பார்சிலோனா, ஸ்காட்லாந்து என்று ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது.

ஏன் என்று யோசித்தால் பதில் சுலபம். டி.வி.யில் அசலைப் பார்த்துப் பழகியவனிடம் நகலைக் கொடுத்தார்கள். ஆட வந்தவர்கள் அமெரிக்க அணிகளின் பெஞ்சில் இடம் கிடைக்காத பையன்கள். நன்றாக ஆடினால் அடுத்த வருஷம் இருக்க மாட்டார்கள். 1998ல் ஆம்ஸ்டர்டாமுக்கு ஆடிய கர்ட் வார்னர் அடுத்த பருவத்திலேயே செயின்ட் லூயிஸுக்காக சூப்பர் பௌல் ஜெயித்தார். ஆம்ஸ்டர்டாம் ரசிகனுக்கு அதில் என்ன மிச்சம்? நம்ம ஊரு நாற்றங்கால் மாதிரி. நாற்று வளர்ந்ததும் பிடுங்கி வேறு வயலில் நடுவார்கள்.

ஜெர்மனி மட்டும் விடவில்லை. ஃபிராங்ஃபர்ட்டில் ஆட்டத்துக்கு முன்னால் வெளியே நடக்கிற விருந்துக்கே ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 2007 வாக்கில் ஆறு அணிகளில் ஐந்து ஜெர்மனியில். அந்த ஜூன் 23ஆம் தேதி ஃபிராங்ஃபர்ட்டில் இறுதி ஆட்டம், 48,125 பேர். ஆறு நாள் கழித்து, வருஷத்துக்குச் சுமார் 3 கோடி டாலர் நஷ்டம் என்று சொல்லி, லீக்கையே மூடிவிட்டார்கள்.

மூடின அதே வருஷம் அக்டோபரில் அவர்கள் புது வழியைப் பிடித்தார்கள். நகல் வேண்டாம், காட்சி ஆட்டமும் வேண்டாம். லீக்கின் ஒரு நிஜ ஆட்டத்தையே, புள்ளிப் பட்டியலில் ஏறுகிற ஆட்டத்தையே, அப்படியே பெயர்த்துக் கொண்டுபோவது. 2005ல் அஸ்டெகாவில் ஒருமுறை முயன்று பார்த்திருந்தார்கள். 1,03,467 பேர் வந்தார்கள். 2007 அக்டோபர் 28 அன்று வெம்ப்ளியில் நியூயார்க் ஜெயன்ட்ஸ், மியாமி டால்ஃபின்ஸ். கொட்டுகிற மழை. புல் பெயர்ந்து சேறானது. ஆட்டம் 13-10 என்று முடிந்தது. சுமாரான ஆட்டம் என்றால்கூட அது மரியாதை. 81,176 பேர் கடைசிவரை நனைந்தார்கள். மூணு வாரம் கழித்து அதே தரையில் இங்கிலாந்து குரோஷியாவிடம் 2-3 என்று தோற்று யூரோ 2008க்குத் தகுதி இழந்ததும், பேப்பர்கள் பாதிப் பழியை அமெரிக்கர்களின் பூட்ஸ் மேல் போட்டன. டாட்டன்ஹாமில் 2019ல் கட்டிய புது ஸ்டேடியத்தில் கால்பந்துப் புல்தரையையே மூன்று துண்டாக நகர்த்தி, அடியில் இருக்கிற செயற்கைத் தரையை வெளிக்காட்டுகிற ஏற்பாடு இருக்கிறது. சேற்றிலிருந்து பாடம் படித்தார்கள் என்றுதான் தோன்றுகிறது.

அந்த சுமார் ஆட்டம் ஏன் வென்றது? ஜெயன்ட்ஸ் அந்தப் பருவத்தின் சூப்பர் பௌலை ஜெயித்தது. டால்ஃபின்ஸ் 16 ஆட்டத்தில் ஒன்றே ஒன்று ஜெயித்தது. லண்டனில் நனைந்தவன் பார்த்தது இந்த இரண்டு கதைகளிலும் ஒரு நிஜமான பக்கம். காட்சி ஆட்டத்தால் இதைத் தர முடியாது.

நான் வெம்ப்ளியிலிருந்து நடக்கிற தூரத்தில் குடியிருக்கிறேன். இந்தப் பக்கம் தமிழ்க் கடைகள் நிறைய. அப்படி ஓர் அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை, மரக்கறி வாங்கப் போன இடத்தில் கடைக்கார அண்ணை கேட்டார்:

“தம்பி, இண்டைக்கு ஆருக்கும் ஆருக்கும் விளையாட்டு? சனம் முழுக்க வேற வேற சட்டையெல்லோ போட்டுக்கொண்டு போகுது.”

ஜாக்சன்வில்லுக்கும் இன்னொரு அணிக்கும் என்றேன்.

“அப்ப மற்ற நிறமெல்லாம் என்னத்துக்கு? இவங்கள் ஆற்ர பக்கம்?”

சரியான கேள்வி. லீக்கில் 32 அணிகள். வெம்ப்ளிப் பாதையில் 32 அணிகளின் சட்டையையும் பார்க்கலாம். ஆட வந்தது இரண்டே அணி. மற்ற முப்பது அணிகளின் ரசிகர்களும் திருவிழாவுக்கு வந்த மாதிரி வருகிறார்கள். கோபம் கிடையாது, அழுகை கிடையாது. நல்ல பந்து யார் பிடித்தாலும் கைதட்டு. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் பட்டியலில் இது ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அணியின் சொந்த மைதான ஆட்டம். ஃப்ளோரிடாவில், நாலாயிரம் மைலுக்கு அப்பால், வருஷம் முழுக்க சீசன் டிக்கெட் வாங்குகிற ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமை இது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்லணும். ஐ.பி.எல்.லில் ஓர் அணிக்கு ஏழு சொந்த ஊர் ஆட்டம் என்றால் அதில் ஒன்றை வேறு தேசத்துக்குக் கொடுப்பது எப்படி இருக்கும்? என்.எஃப்.எல்.லில் அப்போது ஓர் அணிக்கு வருஷத்துக்கு 16 ஆட்டம், எட்டு சொந்த ஊரில். எட்டே எட்டு ஞாயிறு. ஓட்டல்காரர், பார்க்கிங் இடம் வாடகைக்கு விடுகிறவர், மைதான வாசலில் இறைச்சி சுட்டு விற்கிறவர் என்று எல்லாருக்கும் அந்த எட்டுதான். 2012ல் ஜாகுவார்ஸை வாங்கிய ஷாஹித் கான், லாகூரில் பிறந்து அமெரிக்காவில் வண்டி பம்பர் செய்து கோடீஸ்வரர் ஆனவர், 2013லிருந்து வருஷாவருஷம் அந்த எட்டில் ஒன்றை லண்டனுக்கு எடுத்துக்கொண்டு போனார். அதே வருஷம் லண்டனின் ஃபுல்ஹம் கால்பந்துக் கிளப்பை வாங்கினார். 2018ல் வெம்ப்ளி மைதானத்தையே விலை பேசி, எதிர்ப்பு வந்ததும் விலகினார். 2020ல் இரண்டு ஆட்டம் லண்டனில் என்று அறிவித்தபோது ஜாக்சன்வில்லில் கொதித்தார்கள். கொரோனா வந்து அந்த இரண்டையும் அடித்துக்கொண்டு போனது. சின்ன ஊர், லண்டன் வருமானம் இல்லாமல் அணி தாங்காது என்பது நிர்வாகத்தின் வாதம். வாதத்தில் உண்மை இருக்கலாம். ஆனால் அதற்குள் ஒரு மெல்லிய மிரட்டலும் இருக்கிறது. ஒன்றைக் கொடு, இல்லாவிட்டால் எல்லாமே போகும்.

அமெரிக்க ரசிகன் இந்த மிரட்டலைப் புரிந்துகொள்வான், ஏனென்றால் பார்த்திருக்கிறான். 1984 மார்ச்சில் ஒரு ராத்திரி பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் சாமான்களை மேஃப்ளவர் கம்பெனி லாரிகளில் ஏற்றி, விடிவதற்குள் இண்டியானாபொலிஸ் பக்கம் ஓட்டிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் காலையில் எழுந்தபோது அணி இல்லை. ரைடர்ஸ் அணி ஓக்லண்டிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ், திரும்ப ஓக்லண்ட், இப்போது லாஸ் வேகஸ். பஃபலோ அணி 2008லிருந்து வருஷத்துக்கு ஓர் ஆட்டத்தை எல்லை தாண்டி டொரான்டோவில் ஆடியபோது, பஃபலோவில் அதை ஆட்டமாகப் பார்க்கவில்லை, ஒத்திகையாகத்தான் பார்த்தார்கள். முதலாளிக்கு வயது தொண்ணூறு. அவருக்கப்புறம் அணி டொரான்டோவுக்குப் போய்விடுமோ என்ற பயம். டொரான்டோவிலும் கூட்டம் ஒட்டவில்லை, கடைசியில் கைவிட்டார்கள். கிரீன் பே பேக்கர்ஸ் மட்டும் தனி. ஊரே சின்னது, ஒரு லட்சம் சொச்சம் ஜனம். அணிக்கு ஒரு முதலாளி இல்லை, ஐந்து லட்சத்துக்கு மேல் பங்குதாரர்கள். அவர்கள் சொந்த ஊர் ஆட்டத்தைக் கொடுக்க மறுத்தார்கள். 32 அணிகளில் கடைசியாகக் கடல் தாண்டி லீக் ஆட்டம் ஆடியது அவர்கள்தான், 2022ல்.

அதுவும் எப்படி நடந்தது? 2021லிருந்து பருவத்துக்கு 17 ஆட்டம் ஆனது. ஒரு வருஷம் ஒரு பிரிவுக்கு ஒன்பது சொந்த ஆட்டம், அடுத்த வருஷம் மற்றப் பிரிவுக்கு. அந்த ஒன்பதாவதைக் கழற்றித்தான் இப்போது வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். எட்டு எட்டாகவே இருக்கும், உனக்கு ஒன்றும் போகவில்லையே என்று சொல்லலாம். கெட்டிக்காரக் கணக்கு. அதிகமாக ஆடுகிற அந்த ஒரு ஆட்டத்தின் அடியை வாங்குவது ஆட்டக்காரனின் முழங்கால் என்பது வேறு கதை.

டி.வி. கணக்கும் உண்டு. 2014ல் முதல்முறையாக வெம்ப்ளி ஆட்டத்தை அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9:30க்கு வருகிற மாதிரி வைத்தார்கள். ஞாயிறு மதியம் ஒன்று, மாலை நாலு, இரவு எட்டு என்று மூன்று வேளை விற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு நாலாவதாகக் காலை வேளையும் விற்பனைக்குக் கிடைத்தது. சென்னையில் அப்போது இரவு ஏழு மணி. இந்தியாவில் உட்கார்ந்து தூக்கம் கெடாமல் பார்க்க முடிகிற என்.எஃப்.எல். ஆட்டம் அநேகமாக இது ஒன்றுதான். நம் பக்கம் நேராக வந்தும் முயன்றார்கள்: கர்ட் வார்னர் உட்பட சில அமெரிக்கப் பிரபலங்களின் ஆதரவோடு எலீட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா என்று ஒன்று. 2012ல் அதன் ஆட்டங்களைக் கொழும்பில் நடத்திப் பதிவு செய்து டி.வி.யில் போட்டார்கள். ஸ்பால்டிங்கின் கப்பல் ஞாபகம் வருகிறது.

ஜெர்மனிக்குத் திரும்புவோம். 2007ல் அநாதையாக விட்ட ஊர். அப்புறம் அங்கே ஆட்டத்தை வளர்த்தது மறுபடியும் இலவச டி.வி.தான், 2015லிருந்து ஒரு தனியார் சேனல் ஞாயிறுதோறும் நேரடியாகப் போட்டது. 2022 நவம்பரில் மியூனிக்கில் தாம்பா பே, சியாட்டில் ஆடியபோது 69,811 பேர். பதினைந்து வருஷம் காத்திருந்த கூட்டம், ஆட்டம் முடிகிற நேரத்தில் எழுந்து நின்று மேற்கு வர்ஜீனியாவைப் பற்றிய ஒரு பழைய அமெரிக்கப் பாட்டைப் பாடியது. டாம் பிரேடி பிறகு அதைப் பற்றி வியந்து பேசினார்.

டப்ளின் கதையும் எனக்குப் பிடிக்கும். 2025 செப்டம்பரில் குரோக் பார்க்கில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ், மினசோட்டா. குரோக் பார்க் அயர்லாந்தின் சுதேசி விளையாட்டுச் சங்கத்தின் கோவில். 1920ல் பிரிட்டிஷ் படை உள்ளே புகுந்து சுட்ட இடம். இங்கிலீஷ் ஆட்டங்களான கால்பந்துக்கும் ரக்பிக்கும் 2007 வரை அங்கே கதவு திறக்கவில்லை. ஆனால் 1997லேயே ஸ்டீலர்ஸ் அங்கே காட்சி ஆட்டம் ஆடியிருக்கிறது! அமெரிக்க ஆட்டம் அந்நியம் இல்லை போலும். ஸ்டீலர்ஸின் ரூனி குடும்பம் ஐரிஷ் வம்சம். டேன் ரூனி அயர்லாந்தில் அமெரிக்கத் தூதராகவே இருந்தவர்.

2025ல் மொத்தம் ஏழு ஆட்டங்கள் வெளிநாட்டில்: சாவோ பாலோ, டப்ளின், லண்டனில் மூன்று, பெர்லின், மட்ரிட். பெர்லினில் சொந்த அணியாக ஆடியது கோல்ட்ஸ், 1984ல் லாரியேறிய அதே கோல்ட்ஸ். பதினாறு வரை கொண்டுபோகணும் என்கிறார் லீக் தலைவர் ராஜர் குடெல்.

இனி அந்த மட்ரிட் விஷயம். 2008 பிப்ரவரியில், வெம்ப்ளி மழை ஆட்டம் நடந்து நாலு மாதத்துக்குள், இங்கிலீஷ் பிரீமியர் லீக் தன் ஆட்டங்களையும் வெளிநாட்டில் ஒரு சுற்று ஆடலாம் என்று யோசனை சொன்னது. 38 ஆட்டத்துக்கு மேல் 39வதாக. யாருடைய சொந்த ஆட்டத்தையும் பிடுங்காத திட்டம். இருந்தும் ரசிகர்கள் பொங்கினார்கள், கால்பந்துச் சங்கங்கள் எதிர்த்தன, யோசனை செத்தது. விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸுக்கு இடம் மாற்றியபோது ரசிகர்கள் பிரிந்துபோய் தங்களுக்கென்று தனிக் கிளப்பே ஆரம்பித்த நாடு அது. ஜாக்சன்வில்காரரின் ஞாயிறை டிக்கெட் வாங்கி ரசித்த அதே நகரம், தன் சனிக்கிழமையைத் தர மாட்டேன் என்றது. இதில் எனக்குப் பழி சொல்லத் தோன்றவில்லை. ஒரு ஆட்டம் யாருக்குச் சொந்தம் என்பது பறிபோகிறவனுக்குத்தான் தெரிகிறது. வாங்குகிறவனுக்கு அது வெறும் டிக்கெட்.

2025ல் ஸ்பெயின் லீக் ஒரு படி மேலே போனது. வில்லாரியாலின் சொந்த ஆட்டத்தை, பார்சிலோனாவுக்கு எதிரானதை, டிசம்பரில் மியாமியில் நடத்துவதாக அறிவித்தார்கள். மைதானம், டால்ஃபின்ஸ் அணியின் ஹார்ட் ராக் ஸ்டேடியம். ரியல் மட்ரிட் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தது. அக்டோபரில் ஸ்பெயின் முழுக்க ஆட்டக்காரர்கள், விசில் ஊதியதும் 15 விநாடி அசையாமல் நின்றார்கள். நாலைந்து நாளில் மியாமி ஆட்டம் ரத்து. நவம்பர் 16 அன்று, ரியல் மட்ரிட்டின் பெர்னபேயு மைதானத்தில், மியாமி டால்ஃபின்ஸ் தன் சொந்த மைதான ஆட்டத்தை ஆடி, கூடுதல் நேரத்தில் 16-13 என்று வாஷிங்டனை ஜெயித்தது. பெர்னபேயு நிறைந்திருந்தது, யாரும் அசையாமல் நிற்கவில்லை.

வில்லாரியால், பார்சிலோனா ஆட்டம் டிசம்பரில் வில்லாரியால் ஊரிலேயே நடந்தது. ஐம்பதாயிரம் சொச்சம் பேர் வாழ்கிற ஊர். பார்சிலோனா 2-0 என்று ஜெயித்தது.